சொடுக்குக் கட்டணத் தேடல் விளம்பரம்

சொடுக்குக் கட்டணத் தேடல் விளம்பரம் என்பது, தேடுபொறியில் ஒருவர் ஒரு சொல்லை உள்ளிடும்போது, அச்சொல்லுக்கென விலை கூறியிருக்கும் வணிகரின் விளம்பரத்தைத் தேடல் முடிவுகளுடன் சேர்த்துக் காட்டி, பயனர் அதனைச் சொடுக்கினால் மட்டும் வணிகரிடம் கட்டணம் பெறும் இணைய விளம்பர முறையாகும். தமிழ்நாட்டு வணிகரிடையே இது பே பெர் கிளிக் என்றும், சுருக்கமாகப் பிபிசி என்றும் வழங்கப்படுகிறது. (பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நாளிதழ் விளம்பரத்துக்கும் சுவர் விளம்பரத்துக்கும் அவற்றை எவரும் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பணம் செலுத்த வேண்டும். இம்முறையில் ஆர்வம் காட்டிய ஒருவருக்காக மட்டுமே பணம் செலவாகிறது. முதலீடு குறைந்த சிறுவணிகரை இம்முறை ஈர்த்ததற்கு இதுவே காரணம். ஆயினும் சொடுக்கு வேறு, விற்பனை வேறு. எந்தச் சொல்லுக்கு விலை கூறுவது என்பதில் ஏற்படும் பிழை, சிறிய கடை ஒன்றின் ஒரு மாத இலாபத்தைச் சில நாட்களில் கரைத்துவிடக்கூடும். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஊர்ப்பெயரே பொருளின் பெயரோடு ஒட்டிவிட்டதால் இச்சிக்கல் கூடுதலாக உள்ளது. இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அவ்வூரை ஒட்டியே தரப்பட்டுள்ளன.

வரலாறு

தேடல் முடிவுகளில் இடத்தை ஏலம் விடும் முறையை 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் நிறுவனம் பரவலாக்கியது. ஒவ்வொரு விளம்பரதாரரும் எவ்வளவு விலை கூறியுள்ளார் என்பது அத்தளத்தில் வெளிப்படையாகவே காட்டப்பட்டது. இந்நிறுவனம் 2001இல் ஓவர்ச்சர் எனப் பெயர் மாற்றப்பட்டு, 2003இல் யாகூவால் வாங்கப்பட்டது.

கூகிள் தனது ஆட்வேர்ட்ஸ் சேவையை 2000 அக்டோபரில் தொடங்கியபோது, விளம்பரம் எத்தனை ஆயிரம் முறை காட்டப்பட்டது என்ற கணக்கிலேயே கட்டணம் பெற்றது. சொடுக்குக்குக் கட்டணம் பெறும் ஏல முறைக்கு அது 2002 பிப்ரவரியில் மாறியது. அதே ஆண்டில் ஓவர்ச்சர் தன் காப்புரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தது. 2004இல் கூகிள் 27 இலட்சம் பங்குகளை யாகூவுக்கு அளித்து அவ்வழக்கை முடித்துக்கொண்டது. ஆட்வேர்ட்ஸ் 2018 ஜூலையில் கூகிள் ஆட்ஸ் எனப் பெயர் பெற்றது. கூகிளின் விளம்பரச் சேவைகளில் தமிழ் மொழிக்கான ஆதரவு கிடைத்ததும் 2018இல்தான்.

2016 பிப்ரவரியில் கணினித் திரையின் வலப்பக்கத்தில் வந்துகொண்டிருந்த எழுத்து விளம்பரங்களைக் கூகிள் நீக்கியது. முடிவுகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை இடம்பெறலாயின. கைப்பேசித் திரையில் அந்நான்கும் முதற்பார்வை முழுவதையும் நிரப்பிவிடும். பணம் செலுத்தாத கடையின் இணைப்பு அவற்றுக்குக் கீழே தள்ளப்படுகிறது.

ஏலம் நடைபெறும் முறை

ஒவ்வொரு தேடலின்போதும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஓர் ஏலம் நடைபெறுகிறது. ஓவர்ச்சரின் தொடக்ககால முறையில் வென்றவர் தாம் கூறிய விலையையே செலுத்த வேண்டியிருந்தது. இதனால் போட்டியாளர் இருவர் ஒரு காசு, ஒரு காசாக விலையை ஏற்றுவதும், ஒருவர் சலித்து விலகியதும் மற்றவர் விலையைச் சட்டென்று இறக்குவதுமாக இருந்தனர். 2002இல் கூகிள் இரண்டாம் விலை ஏலத்தைப் புகுத்தியது. இதில் ஒருவர் தமக்கு அடுத்த இடத்திலுள்ளவரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் செலுத்தினால் போதும். கூறும் விலையோடு விளம்பரத்தின் தரமும் கணக்கில் சேரும். பயனர் சொடுக்குவதற்கான வாய்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியதும் திறக்கும் பக்கத்தின் பயன் ஆகிய மூன்றும் தரத்தின் கூறுகளாகும்.

கணக்கை விளக்குவதற்காக மட்டும் பின்வரும் எண்களைக் கொள்வோம். பூட்டு விற்கும் மூவர் ஒரே சொல்லுக்கு ஏலம் கூறுகின்றனர். முதலாமவர் 10 ரூபாய் கூறுகிறார். அவரது விளம்பரத்தின் தரம் 4. இரண்டாமவர் 6 ரூபாய் கூறுகிறார், தரம் 8. மூன்றாமவர் 8 ரூபாய் கூறுகிறார், தரம் 3. விலையைத் தரத்தால் பெருக்கினால் முறையே 40, 48, 24 கிடைக்கும். மூவரிலும் குறைந்த விலை கூறிய இரண்டாமவருக்கே முதலிடம். அவர் செலுத்துவதோ 40ஐ 8ஆல் வகுத்து வரும் 5 ரூபாயை ஒட்டிய தொகைதான். இரண்டாம் இடம் பெறுபவர் 24ஐ 4ஆல் வகுத்து வரும் 6 ரூபாய் செலுத்துவார். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைவிட அதிகம் செலுத்துகிறார் என்பதைக் கவனிக்கலாம். பெருநிறுவனத்துடன் சிறுகடை போட்டியிட முடியும் என்று கூறப்படுவதன் அடிப்படை இதுவே.

நடைமுறை இதைவிடச் சிக்கலானது. குறைந்தபட்ச வரம்புகள், பயனர் இருக்கும் இடம், கருவி, நேரம் எனப் பலவும் கணக்கில் சேர்கின்றன. சூத்திரம் முழுமையாக வெளியிடப்படுவதில்லை. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க மாவட்ட நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பில், பொதுத் தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரங்களிலும் கூகிள் தன் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பேணியது என்று கண்டார். ஏலத்தின் உள்ளமைப்பை மாற்றுவதன் மூலம், போட்டியைப் பற்றிக் கவலைப்படாமல், விளம்பர விலையை உயர்த்த அந்நிறுவனத்தால் முடிந்தது என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. எனவே இதனை ஊர்ச் சந்தையில் எல்லாரும் காண நடக்கும் ஏலத்தைப் போன்றது என எண்ணுவது சரியாகாது.

சொற்களைத் தேர்தல்

விளம்பரதாரர் விலை கூறும் சொல் அல்லது சொற்றொடர் திறவுச்சொல் எனப்படும். திறவுச்சொல்லை மூன்று வகையாகக் கொடுக்கலாம். குறியீடு ஏதுமின்றிக் கொடுத்தால் அது விரிந்த பொருத்தமாகும்; தொடர்புடையன எனத் தேடுபொறி கருதும் பிற தேடல்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் தொடர்ப் பொருத்தம். சதுர அடைப்புக்குள் கொடுத்தால் துல்லியப் பொருத்தம். புதியவர் பெரும்பாலும் குறியீடு இன்றியே தட்டச்சிடுவதால், தாம் அறியாமலே விரிந்த பொருத்தத்தைத் தேர்ந்துவிடுகின்றனர்.

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். மாங்காய்ப் பூட்டு முதலான வகைகளைக் கொண்ட இக்கைத்தொழில், உத்தரப் பிரதேசத்தின் அலிகர் நகரிலிருந்து வரும் மலிவான பூட்டுகளின் போட்டியால் நலிந்தது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு செய்வோர் ஒருவர் பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான லாக் என்பதை மட்டும் விரிந்த பொருத்தத்தில் கொடுத்தால், கைப்பேசித் திரைப் பூட்டைத் திறக்க வழி தேடுவோரும் மகிழுந்தின் கதவு பழுதானோரும் அவரது பணத்தைச் செலவிடுவர். திண்டுக்கல் பூட்டு என்று கொடுத்தாலும் முழுத் தீர்வு கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற பொருட்களைப் பற்றித் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் இதே சொற்களையே தேடுவர். அவர்கள் சொடுக்குவர்; பூட்டு வாங்கமாட்டார்கள்.

இதற்கென உள்ளவை விலக்குச் சொற்கள். வரலாறு, கட்டுரை, படம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்தால், அவற்றைக் கொண்ட தேடல்களில் விளம்பரம் தோன்றாது. பிரியாணிக் கடை எனில் செய்முறை என்பது முதலில் விலக்க வேண்டிய சொல். விலை கூறும் சொற்களைத் தேர்வதைவிட விலக்கும் சொற்களைத் தேர்வதே சிறுவணிகருக்குக் கூடுதல் பயன் தரும் வேலை எனலாம், செலவில்லாத வேலையும்கூட. எந்தெந்தத் தேடல்களுக்குச் சொடுக்கு வந்தது என்பதைத் தேடல் சொற்கள் அறிக்கையில் காணலாம். ஆனால் 2020 செப்டம்பர் முதல் மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களைக் கூகிள் அவ்வறிக்கையில் காட்டுவதில்லை. அச்சொற்களுக்கான கட்டணம் மட்டும் கழிக்கப்படும்.

தமிழுக்கே உரிய சில இடர்ப்பாடுகளும் உள்ளன. பூட்டுக்கடை என்று சேர்த்தும் பூட்டுக் கடை என்று பிரித்தும் பூட்டு கடை என்று ஒற்று விட்டும் மக்கள் தட்டச்சிடுகின்றனர். கணினியைப் பொறுத்தவரை இவை மூன்றும் வெவ்வேறு எழுத்துச் சரங்கள். உரோம எழுத்தில் தமிழைத் தட்டச்சிடுவோரும் பலர். பிரியாணி என்னும் ஒரு சொல்லுக்கே மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. நெருங்கிய வடிவங்களைத் தேடுபொறி தானே சேர்த்துக்கொள்ளும் எனினும், முதன்மையான வடிவங்களைத் தனித்தனியே பட்டியலிடுவது நல்லது.

இட வரையறை

விளம்பரம் எந்தப் பகுதியினருக்குக் காட்டப்பட வேண்டும் என்பதை மாநிலம், மாவட்டம், ஊர் என்ற அளவிலோ, கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்ற அளவிலோ வரையறுக்கலாம். இங்கு எளிதில் கண்ணில் படாத ஒரு தெரிவு உண்டு. கூகிள் ஆட்ஸில் திண்டுக்கல் எனத் தெரிவுசெய்தால், இயல்பான அமைப்பின்படி, திண்டுக்கல்லில் இருப்போருக்கு மட்டுமன்றித் திண்டுக்கல் மீது ஆர்வம் காட்டிய பிற ஊராருக்கும் விளம்பரம் காட்டப்படும்.

கொடைக்கானலில் விடுதி நடத்துபவருக்கு இது வேண்டியதே. சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு அறை தேடுபவர்தான் அவரது வாடிக்கையாளர். (ஆனால் அச்சொற்களுக்குப் பெரிய முன்பதிவு நிறுவனங்களும் விலை கூறுவதால் அவர் வேறு வகையான போட்டியைச் சந்திக்க வேண்டியிருக்கும்.) திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகில் உணவகம் நடத்துபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. திண்டுக்கல் பிரியாணி என்பது இன்று ஒரு சமையல் வகையின் பெயராகிவிட்டது. சென்னையில் பசித்திருக்கும் ஒருவர் அப்பெயரைத் தேடிச் சொடுக்கினால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உணவகத்துக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். அமைப்புகளில் 'அவ்விடத்தில் இருப்போர் மட்டும்' என்ற பொருளுடைய தெரிவை அவர் தாமே மாற்ற வேண்டும். தேடல் அல்லாத பிற தளங்களிலும் விளம்பரத்தைக் காட்ட இசைவளிக்கும் தெரிவும் பெரும்பாலும் முன்னரே குறியிடப்பட்டிருக்கும். அதையும் பார்த்து நீக்குவது நன்று.

ஒரு சொடுக்கின் மதிப்பு

ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது கூட்டல் கழித்தல் கணக்கே. ஒரு பூட்டில் 200 ரூபாய் இலாபம் நிற்கிறது என்றும், 100 பேர் சொடுக்கினால் இருவர் வாங்குகின்றனர் என்றும் கொள்வோம். 100 சொடுக்குகளால் 400 ரூபாய் வரும். எனவே ஒரு சொடுக்கின் உச்ச மதிப்பு 4 ரூபாய். அதற்கு மேல் கொடுத்தால் நட்டம். அதே பட்டறைக்காரர் மொத்தமாக வாங்கும் இரும்புக் கடைகளைக் குறிவைத்து, 100 சொடுக்குகளில் 6,000 ரூபாய் இலாபம் தரும் ஆணை ஒன்று பெற்றால், அச்சொடுக்கின் மதிப்பு 60 ரூபாய் ஆகிவிடுகிறது. பொருள் ஒன்றே, வாங்குபவர் யார் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

இதில் வரியையும் சேர்க்க வேண்டும். விளம்பரச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. முறையாகப் பதிவுசெய்த வணிகர் இதனை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். பதிவு செய்யாதோரும் இணக்க வரித் திட்டத்தில் உள்ளோரும் பெற இயலாது. அவர்களுக்கு மேற்கண்ட 4 ரூபாய் உச்சம், ஏலத்தில் கூறும் விலையாக 3 ரூபாய் 39 காசுக்குக் குறைந்துவிடும். இந்தியாவில் வசிக்காத நிறுவனங்களுக்குச் செலுத்தும் இணைய விளம்பரக் கட்டணத்தின் மீது 2016 ஜூன் 1 முதல் 6 விழுக்காடு சமன்படுத்தும் வரி விதிக்கப்பட்டது. கூகிள் வரி என்று பேச்சு வழக்கில் அழைக்கப்பட்ட இது 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கே அது பொருந்தியதால் சிறுகடைகளை அது பெரும்பாலும் தொடவில்லை.

நாள் வரம்பு என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. நாளொன்றுக்கு 200 ரூபாய் என வரையறுத்தால் ஒரு குறிப்பிட்ட நாளில் 400 ரூபாய் வரை செலவாகலாம். ஆனால் மாத மொத்தம், நாள் வரம்பின் 30.4 மடங்கான 6,080 ரூபாயைத் தாண்டாது. கையிருப்பில் சில நூறு ரூபாய் மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவர் இதனை முன்னரே அறிந்திருக்க வேண்டும். முன்பணம் செலுத்தி, அது தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும் முறையும் இந்தியாவில் உண்டு. தொடக்கத்தில் அதுவே பாதுகாப்பானது.

பிறர் பெயருக்கு விலை கூறுதல்

ஒரு கடையின் பெயரையே போட்டியாளர் திறவுச்சொல்லாக வாங்க முடியுமா என்பது இத்துறையின் பெரிய வழக்குப் பொருளாகும். இந்தியாவில் இது குறித்த முக்கியமான தொடக்க வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. முருகவேல் ஜானகிராமன் நிறுவிய, சென்னையைச் சேர்ந்த கான்சிம் இன்போ நிறுவனம் பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய திருமணத் தகவல் தளங்களை நடத்தி வந்தது. இப்பெயர்களைத் தேடுவோருக்குப் போட்டித் தளங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதாகக் கூறி, கூகிள் இந்தியா மீதும் போட்டி நிறுவனங்கள் மீதும் அது 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். மேட்ரிமோனி போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள். அவற்றைப் பிறர் நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க இயலாது என்பது அவ்வாணையின் சாரம்.

திண்டுக்கல் வணிகருக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஊர்ப்பெயரையும் பொருட்பெயரையும் சேர்த்துக் கடைக்குப் பெயர் வைத்தவர், அப்பெயரை ஏலத்திலிருந்து விலக்கிவைப்பது கடினம். தனித்த பெயருடையவருக்கு வலு அதிகம். 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் அணிந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி எனப் பெயர் பெற்றது. அப்பெயரை ஒத்த பெயர்கள் தொடர்பாகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வணிகக்குறி வழக்குகள் நடைபெற்றன.

தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயர் தொடர்பான வழக்கில் 2023 ஆகஸ்ட் 10 அன்று அளித்த தீர்ப்பில் இன்னும் விரிவான நிலையை எடுத்தது. வணிகக்குறியைத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்துவது விளம்பரப் பயன்பாடே. ஆயினும் குழப்பமோ ஏமாற்றோ இல்லாதவரை அது மட்டுமே உரிமை மீறல் ஆகாது. மீறல் நிகழ்ந்தால், தான் வெறும் இடைநிலையாளர் எனக் கூறிக் கூகிள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என அமர்வு கூறியது. மேக்மைடிரிப் நிறுவனம் இதையொத்த கோரிக்கையுடன் தொடுத்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஏற்க மறுத்தது. ஆக, பெயரை ஏலத்தில் எடுப்பதும் அப்பெயரை விளம்பர வரியில் எழுதுவதும் வேறு வேறு. வேறிடத்தில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விளம்பரத்தில் எழுதினால், 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டமும் குறுக்கே வரும்.

பின்னர் மேட்ரிமோனி.காம் எனப் பெயர் மாறிய கான்சிம் நிறுவனம், 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் முறையிட்டது. நுகர்வோர் அமைப்பான கட்ஸும் முறையிட்டிருந்தது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆனால் ஆட்வேர்ட்ஸ் குறித்த குற்றச்சாட்டில் மீறல் காணவில்லை.

தன் பெயருக்குத் தானே விலை கூறுவது தேவையா என்பது தனிக் கேள்வி. ஈபே நிறுவனம் 2012இல் தன் பெயருக்கான விளம்பரங்களைச் சோதனையாக நிறுத்தியபோது, அவ்வழி வந்துகொண்டிருந்தோரில் ஏறத்தாழ அனைவரும் இலவச இணைப்பைச் சொடுக்கி வந்து சேர்ந்தனர். பிளேக், நோஸ்கோ, டாடெலிஸ் ஆகியோரின் இவ்வாய்வு 2015இல் எக்கனாமெட்ரிக்கா இதழில் வெளியானது. புதிய வாடிக்கையாளரிடம் விளம்பரம் ஓரளவு பயன் தந்ததையும் அவ்வாய்வு கண்டது. போட்டியாளர் எவரும் தன் பெயருக்கு விலை கூறாத நிலையில், ஊரறிந்த கடை தன் பெயருக்குச் செலவிடுவது வீண் என்றே கொள்ளலாம்.

போலிச் சொடுக்குகள்

போட்டிக் கடைக்காரர் செலவை ஏற்றுவதற்காகத் திரும்பத் திரும்பச் சொடுக்குவதும், தானியங்கி நிரல்கள் சொடுக்குவதும் போலிச் சொடுக்குகள் எனப்படும். அமெரிக்காவின் ஆர்கன்சாசில் லேன்ஸ் கிப்ட்ஸ் என்ற சிறுகடை முன்னின்று தொடுத்த வழக்கில், 2006இல் கூகிள் 9 கோடி டாலர் வரையிலான தொகைக்கு உடன்பட்டது. தேடுபொறிகள் போலி எனக் கண்டறிந்தவற்றுக்குக் கட்டணம் பெறுவதில்லை, பெற்றிருந்தால் வரவு வைக்கின்றன. ஐயத்துக்குரிய இணைய நெறிமுறை முகவரிகளை விளம்பரதாரரும் விலக்கலாம். எனினும் கைப்பேசி இணைப்புகளில் முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இதன் பயன் குறைவே.

முகவர்கள்

இவ்வேலையைக் கட்டணம் பெற்றுச் செய்து தரும் முகவர்கள் சிறிய ஊர்களிலும் உள்ளனர். முதற்பக்கத்தில் நிரந்தர இடம் என்ற உறுதிமொழி, ஒவ்வொரு தேடலுக்கும் புதிய ஏலம் நடைபெறும் முறையில் பொருளற்றது. விளம்பரக் கணக்கு கடை உரிமையாளரின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டு, முகவருக்கு அணுகல் மட்டும் தரப்பட வேண்டும். இல்லையெனில் முகவரை மாற்றும்போது விலக்குச் சொற்களும் பழைய தரவுகளும் அவரோடு போய்விடும். சொடுக்குகளுக்குச் சென்ற தொகையும் முகவர் கூலியும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். செலவு, சொடுக்குகள், காட்டப்பட்ட முறைகள் ஆகிய விவரங்களை வாடிக்கையாளருக்கு அளிக்குமாறு கூகிளின் விதிகளே முகவர்களைப் பணிக்கின்றன.

இலவச வழிகள்

நடந்து வரக்கூடிய தொலைவிலுள்ள வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்கும் தேநீர்க் கடை, தையற்கடை போன்றவற்றுக்கு இவ்விளம்பரம் பெரும்பாலும் தேவைப்படாது. கூகிள் நிலப்படத்தில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை இலவசமாகவே பதியலாம். 2014இல் கூகிள் மை பிசினஸ் என்ற பெயரில் அறிமுகமான இச்சேவை 2021 முதல் கூகிள் பிசினஸ் புரொபைல் எனப்படுகிறது. விடுமுறை நாட்களில் திறந்திருக்கும் நேரத்தை அதில் திருத்தி வைக்காத கடைகளுக்கு, விளம்பரத்தைச் சொடுக்கி வருபவரும் பூட்டிய கதவையே காண்பார்.